தாய்மைக்கு முன்பே தொடங்க வேண்டும்!

உடல் பருமன் பணக்கார வீட்டு வியாதி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இன்று நிலைமை அதுவல்ல. சர்க்கார் நடத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடை உள்ளவர்கள் 2015-16ல் 100க்கு 31 பேர். 2019-21ல் 40 பேர். அதே ஆண்டுகளில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை! பருமனும் சோகையும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடலில் குடியிருக்கின்றன.

இது பெண்களின் சோம்பலால் வந்ததா? இல்லை. கழுகுமலை, கோவில்பட்டிக் கரிசல் சீமையில் கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள் நாம். இன்று ரேஷன் அரிசி பட்டினியைத் தடுக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அதனுடன் வரும் பருப்பு குடும்பம் முழுவதற்கும் மாதம் ஒரு கிலோதான். காய்கறியும் முட்டையும் கூலிக்கு எட்டுவதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை. பஞ்சாலையில் இரவு ஷிப்டு. பசிக்கு டீயும் வடையும். மானாவாரிக் காட்டிலோ சில மாதங்கள்தான் வேலை.

மிகை எடையுடன் கர்ப்பம் தரித்தால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வரும் அபாயம் கூடுகிறது. ஆபரேஷன் பிரசவம் அதிகமாகிறது. பிறக்கும் குழந்தைக்கும் பிற்காலத்தில் பருமன் வரக்கூடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் அளிக்கிறது. நல்ல திட்டந்தான். ஆனால் அது கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகே தொடங்குகிறது. எடையைக் குறைக்க அது சமயமல்ல. வயிற்றில் பிள்ளையுடன் பட்டினி கிடப்பது ஆபத்து. கல்யாணமான மறுமாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கிற ஊர், ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில்லை!

150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் எடை 56 கிலோவைத் தாண்டினால் அது மிகை எடை. கர்ப்பத்திற்கு முன் கொஞ்சம் குறைந்தாலும் நன்மை உண்டு. சோற்றைக் குறைத்துப் பயறு, கீரை, கம்பங்கூழைக் கூட்ட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பிருந்தே சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிச்சத்தைப் பெண் தின்னும் வழக்கத்தை ஆண் தோழர்கள் ஒழிக்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான்:

கல்யாண வயதுப் பெண்கள் அனைவருக்கும் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகைப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடத்து! தீப்பெட்டி ஆபீஸுக்கும் பஞ்சாலைக்கும் நர்ஸை அனுப்பு. பரிசோதனை நேரத்திற்குக் கூலி பிடிக்காதே! 2023ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியதுபோல், கரிசல் விவசாயியிடம் கம்பும் சோளமும் வாங்கி இங்கே வழங்கு! பருப்பின் அளவைக் கூட்டு!

இக்கோரிக்கைகளை ஒவ்வொரு கிராமசபையிலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் எழுப்புவோம். பிரசவ அறைக்கு வெளியே நின்று கையைப் பிசைவதால் பயனில்லை. தாயின் உடம்பை முன்னரே காப்போம்!