ரவிக்கைக்கு ஆரி வேலை கொடுக்கப் போகிறீர்களா?

முன்பெல்லாம் கல்யாணம் என்றால் பட்டுப் புடவைக்குத்தான் செலவு. ரவிக்கை என்பது புடவையோடு வரும் துணியைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து வாங்கி வருவது, அவ்வளவுதான். இப்போதோ சில வீடுகளில் புடவை விலையை ரவிக்கை எட்டிப் பிடித்துவிடுகிறது! எல்லாம் இந்த ஆரி வேலை வந்த பிறகுதான். வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் டிசைன் படங்களைப் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். போட்டுக்கொள்ளப் போவது யார், எத்தனை மணி நேரம் அது உடம்பில் இருக்கும், அன்றைக்கு அவளுக்கு என்னென்ன வேலை என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைக்காரி என்றால் இது ரொம்ப ரொம்ப முக்கியம்.

என் அக்கா பெண்ணுக்கு நாலு மாதக் குழந்தை. அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் அவள்தானே? பெருமை பிடிபடவில்லை. கழுத்தை மூடிய மாடல், முதுகில் கொக்கி, மார்பு முழுக்க முத்தும் கல்லும் என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அழகாத்தான் இருக்கு. குழந்தைக்கு எப்படிம்மா பால் குடுப்பே?" என்றேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "அன்னிக்கு ஒரு நாள்தானேடி, பவுடர் பால் கரைச்சுக் குடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டிலையே பார்க்காத குழந்தை, நாதஸ்வரச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அதை வாயில் வாங்குமா? இவளும் விடியற்காலை உடுத்திக்கொண்டு மத்தியானம் வரை பால் கொடுக்காமல் இருந்தால், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி உயிரை வாங்கிவிடும். "அப்போ எனக்கு வெறும் ரவிக்கைதானா, சித்தி?" என்று அவள் கண் கலங்கிவிட்டாள். பாவமாக இருந்தது. "யார் சொன்னது? கிளம்பு" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ஆரி வேலையை நேரில் பார்த்திருக்கிறீர்களா? துணியை மரச்சட்டத்தில் முரசு மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள். நூல் துணிக்கு அடியில், இடது கையில் இருக்கும். வலது கையில் நுனி வளைந்த ஊசி. அதை மேலிருந்து குத்தி, நூலைக் கொக்கி போட்டு மேலே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. இப்படியே ஆயிரக்கணக்கில்! குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தாரின் கைவேலை இது. செருப்புத் தைக்கும் ஊசியின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

துணியை வெட்டுவதற்கு முன்பே கழுத்து, கை, முதுகு எல்லாம் அளவு போட்டு வரைந்து, வேலை முடிந்த பிறகுதான் வெட்டித் தைக்கிறார்கள். ஆகவே அளவு தப்பினால் கழுத்தையும் கையையும் அப்புறம் சரிசெய்வது கஷ்டம். பிரசவத்துக்கு முன்பு தைத்த ரவிக்கையை அளவுக்குக் கொடுக்கவே கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கு, மார்பு நிறைந்திருக்கும் நேரத்தில் அளவெடுக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலில் இரண்டு புறமும் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். கையைச் சுற்றி வரும் பார்டரும் அக்குளுக்கு நேராக இருக்கும் தையல் வரை போகாமல், ஓர் அங்குலம் முன்னதாகவே நிற்கட்டும். பிரிக்கவும் பிடிக்கவும் அந்த இடம்தான் உதவும். புடவையோடு வரும் துணி சட்டத்தில் கட்டுவதற்குப் போதுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போதாவிட்டால் அதே நிறத்தில் ஒரு மீட்டர் தனியாக எடுத்துவிடலாம்.

நான் கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன்: "முடிச்சுப் போடும்போது போட்டோவில் தெரியப் போவது இவள் முதுகும் கையும்தானே?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. முன்பக்கம் வேலையே இல்லை, வழக்கமான கொக்கிதான்; பால் கொடுக்கக் கீழ் இரண்டு கொக்கிகளைக் கழற்றினால் போதும், முந்தானை மூடிக்கொள்ளும். தோளிலும் கல் வேண்டாம் என்றேன். பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறோமே, அதன் கன்னம் அங்கேதானே உரசும்? ஜர்தோசி என்பது சின்ன ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பி. பெரியவர்களையே கீறிவிடும். தோளில் வெறும் பட்டு நூலில் கொடி ஓடவிட்டு, முதுகின் நடுவில் ஒரு ஜோடி மயில், அங்கே மட்டும் ஜர்தோசியும் முத்தும். கை, முழங்கைக்கு நாலு விரல்கடை மேலேயே முடிகிறது. குழந்தையின் தலை முழங்கை மடிப்பில் அல்லவா படுக்கும்? பின்னால் தொங்கும் குஞ்சலத்தில் முத்துக் கோக்க வேண்டாம் என்றும் சொன்னேன். குழந்தை இழுத்து அறுந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். உள்ளே மிருதுவான பருத்தி லைனிங், அதுவும் நனைத்து உலர்த்தியது. இல்லாவிட்டால் அடிப்பக்கத்து முடிச்சுகள் முதுகை அரிக்கும்.

முதலில் 7,000 ரூபாய் சொன்ன இடத்தில் 4,200 ஆயிற்று. அக்கா விடுவாளா? "இன்னும் ஐந்நூறு குறைச்சுக்குங்க" என்று ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்தக் கடையில் வேலையை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். எதிரே ரவிக்கை கொண்டுவந்து கொடுத்த பெண்ணுக்கும் இடுப்பில் குழந்தை. உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாம் பேரம் பேசுகிற ஐந்நூறு கடைசியில் அவள் கையிலிருந்துதான் போகும். பணம் போதாதா, மயிலை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், விலையை அடிக்காதீர்கள்.

முன்பணம் கொடுக்கும்போது ரசீதில் நூலின் நிறம், முத்து வகை, எங்கெங்கே வேலை, போட்டுப் பார்க்கும் தேதி எல்லாம் எழுதி வாங்குங்கள். போன் படத்து நிறத்தை நம்பாமல், புடவையைக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நூலை வைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே கைக்கு வந்துவிட வேண்டும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியின் ஆரம்பத்திலும், ஆவணிக்கு ஆடியிலும் கொடுத்துவிட்டால் கடையில் நெருக்கடி இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தரம் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்தே பார்த்துவிடச் சொல்லுங்கள். விழாவன்று ரவிக்கை மேல் சென்ட் அடிக்க வேண்டாம், சரிகை கறுக்கும். கழற்றியதும் உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட விட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். இஸ்திரி போட வேண்டுமென்றால், கீழே கனமான துர்க்கி டவலை விரித்து, உட்புறத்தில் மட்டும் லேசான சூட்டில் போடுங்கள்.