மருந்தைக் குறைச்சா பாவம் குறையுமா?

ரமணாசிரமத்துக்கு வர்ற நகரத்து நண்பர்கள் சில பேர், அப்படியே செங்கம் ரோட்டுல எங்க கொல்லைக்கும் வந்து போவாங்க. காட்டுப்பன்னி ராத்திரியில கிளறிப் போட்ட மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுவேன். (நிலக்கடலைக்கு எங்க பக்கத்துப் பேர் மல்லாட்டை.) பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்பாங்க: "கொல்ல வேணாங்க. துப்பாக்கியில மருந்தைக் கம்மியாப் போட்டு, லேசா அடிச்சு விரட்டக் கூடாதா?"

அந்தக் கேள்வியில இருக்கிற இரக்கம் எனக்குப் பிடிக்கும். பசு லட்சுமிக்கும், மான் வள்ளிக்கும், காக்காய்க்கும், நாய்க்கும்கூட சமாதி இருக்கிற இடத்துல கும்பிட்டுட்டு வர்றவங்க வேற எப்படிக் கேட்பாங்க? ஆனா என் பதில், கூடவே கூடாது என்பதுதான். ஏன்னு சொல்றேன்.

முதல்ல துப்பாக்கி. பயிர்க்காவலுக்கு நம்ம ஊர்ல இருந்தது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்குன்னு அதைத் தனியாச் சொல்லுது. தோட்டான்னா மருந்தை கம்பெனியே அளந்து அடைச்சுக் கொடுத்துடும். நாட்டுத் துப்பாக்கிக்குக் கரிமருந்தைச் சுடறவரே அளக்கணும். அதனாலதான் "கம்மியாப் போட்டா என்ன?"ங்கிற யோசனை சுலபமா வருது.

இந்த யோசனை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவுல .458 வின்செஸ்டர் மேக்னம்னு ஒரு தோட்டா, 1956-ல வந்தது. யானை, காட்டெருமை வேட்டைக்குன்னு செஞ்சது. அதோட குண்டு வழக்கமா 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம். சுட்டா தோளைக் கழட்டற மாதிரி உதைக்கும். அதனால அங்க சில பேர் காலித் தோட்டாவை எடுத்து, வீட்டுலயே மருந்தைக் குறைச்சு அடைச்சுக்குவாங்க. காகிதக் குறியில பழகறதுக்கு அது சரி. சோதிச்சுப் போட்ட அட்டவணையைத் தாண்டாம, சட்டம் அனுமதிக்கிற ஊர்ல செய்யறாங்க.

ஆனா "கம்மி மருந்துன்னா ஆபத்தும் கம்மி"ன்னு அவங்களே சொல்றதில்லை. மருந்து போதாம குண்டு குழலுக்குள்ளயே சிக்கி நின்னா, அது தெரியாம அடுத்ததைச் சுடும்போது குழல் வெடிச்சுடும். பெரிய தோட்டாவுக்குள்ள கொஞ்சமா மருந்து போடறப்போ, தவறி ரெண்டு தடவை போட்டாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாது. மெதுவா எரியற சில மருந்தை ரொம்பக் குறைச்சா, அழுத்தம் குறையறதுக்குப் பதிலா எகிறவும் செய்யலாம்னு எச்சரிக்கை இருக்கு.

இப்ப பன்னிக்கு வருவோம். குண்டோட வேகம் பாதியானா அதோட சக்தி பாதி ஆகாது, கால்வாசி ஆயிடும். அதே தூரத்துக்குப் போக ரெட்டிப்பு நேரம் ஆகறதால, குண்டு கீழ இறங்கறது நாலு மடங்கு ஆகும். நெஞ்சைப் பார்த்துச் சுட்டது காலையோ வயித்தையோ கிழிக்கும். கொழுத்த ஆண் பன்னிக்குத் தோள்பட்டையில தோலுக்கடியில கேடயம் மாதிரி தடிச்ச சதை வேற. பலமில்லாத குண்டு அதுல புதையும், உயிர் போகாது. அந்தப் பன்னி புதருக்குள்ள போய்ப் பல நாள் அழுகிச் சாகும். இல்லேன்னா காலையில புல்லறுக்கப் போற பொம்பளையைக் குத்தும். இதையா இரக்கம்னு சொல்றது?

சரி, குண்டே இல்லாம வெறும் மருந்தை வெடிச்சா? சத்தத்துக்கு நாலு நாள் ஓடும். அஞ்சாம் நாள் பழகிடும்.

கொஞ்சூண்டு மருந்து என்ன பண்ணும்னு பார்க்கணும்னா அவுட்டுக்காயைப் பாருங்க. தின்பண்டத்துக்குள்ள மறைச்சு வைக்கிற சின்ன வெடி. கடிச்ச மிருகத்துக்குத் தாடை போகும், உயிர் போகாது, பட்டினியில சாகும். 2020 மே மாசம் பாலக்காட்டுல ஒரு கர்ப்பிணி யானை அப்படித்தான் வாய் கிழிஞ்சு, ஆத்துத் தண்ணியில நின்னபடி செத்துச்சு. திருட்டுக் கரண்டு வேலி இன்னொரு கொடுமை. 2023 மார்ச்சுல தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் அதுல அடிபட்டு மூணு யானை போச்சு. ரெண்டும் பன்னிக்கு வைக்கிறதுதான்.

என் கட்சி இதுதான். ஒரு உயிரைச் சுடணும்னு முடிவாயிட்டா, பயிற்சி உள்ளவர், சட்டப்படி, முழு பலமுள்ள தோட்டாவால, ஒரே அடியில முடிக்கணும். இல்லேன்னா துப்பாக்கியையே தொடக் கூடாது. நடுவுல "லேசா அடிக்கிறது"ன்னு ஒண்ணு கிடையாது.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு அறிவிச்சதும் கிட்டத்தட்ட அந்தப் போக்குலதான் இருக்கு. காப்புக்காட்டுலருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு அப்பால வனத்துறையே சுடலாம். கேரளாவுல 2022-லருந்து பஞ்சாயத்துத் தலைவரே, லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களைக் கொண்டு சுட அனுமதி தரலாம்னு வெச்சிருக்காங்க. நம்ம முறை மெதுவா நடந்தாலும், ஊருக்குள்ள துப்பாக்கி பெருகாது. எனக்கு அதுதான் சரின்னு படுது.

ஆனா எங்க கொல்லை மலையடிவாரத்துல, ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கு. எங்களுக்குச் சுடற பேச்சே இல்லை. அதை ஏத்துக்கிறேன். காடு அதுங்களோடது. அப்படின்னா அதுங்க தின்ன கணக்கை நான் ஒருத்தனே கட்டணுமா? நட்டஈட்டுக்கு மனு கொடுத்தா, வந்து பார்க்கறதுக்குள்ள மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி அடுத்த உழவே ஓட்டிடறோம். அப்புறம் எதைப் பார்த்துக் கணக்கெழுதுவாங்க? பத்து நாளுக்குள்ள வந்து பாருங்க, சோலார் வேலிக்கு மானியத்தைச் சின்ன விவசாயிக்கும் சுலபமாக் கொடுங்க. நாங்க கேட்கிறது இவ்வளவுதான்.

பன்னி மேல இரக்கப்படற நண்பர்கள், துப்பாக்கி மருந்தைப் பத்திக் கேட்கிறதோட நிக்காம, இந்த ரெண்டையும் எங்களுக்காகக் கேளுங்க. விவசாயிக்கு நட்டம் குறைஞ்சா, வெடியும் கரண்டுக் கம்பியும் தன்னால குறையும்.