தோற் சப்பாத்தும் மழைக்காலமும்

காலை முதல் மாலை வரை சேற்றிலும் ஈரத்திலும் நின்று உழைப்பவர்க்குச் சப்பாத்து அலங்காரப் பொருளன்று. அதுவும் ஒரு கருவியே. மண்வெட்டியைக் கழுவி வைப்பவரும், கத்தியைத் தீட்டி வைப்பவரும், பல நாட் கூலியைக் கொடுத்து வாங்கிய தோற் சப்பாத்தை மட்டும் நனைந்தபடியே மூலையில் எறிந்து விடுகின்றனர். சில மழைக்காலங்களிலேயே தோல் வெடித்துத் தையலும் விட்டுவிடுகின்றது. பழியோ கடைக்காரர் தலையில் விழுகின்றது.

தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். ஆவாரம்பட்டையாற் பதனிட்டாலும், குரோம் உப்பாற் பதனிட்டாலும், இறுதியில் அதற்குச் சிறிது கொழுப்பை ஊட்டுவது வழக்கம். அக்கொழுப்பு நார்களுக்கிடையே நின்று, அவை ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்ல உதவுகின்றது. தோல் பன்முறை நனைந்து உலரும்போது அது சிறிது சிறிதாகக் குறைகின்றது. அப்பொழுது நார்கள் ஒட்டிக்கொள்ளத் தோல் விறைத்து, நடக்கையில் மடியும் இடத்திலே வெடிக்கின்றது.

எண்ணெயும் மெழுகும் ஒரே வேலையைச் செய்வன என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. எண்ணெய் உட்சென்று தோலை நெகிழச் செய்வது. மெழுகு மேலே நின்று நீரைத் தடுப்பது. மாட்டின் கீழ்க்காலை நீரிற் கொதிக்கவைத்து எடுக்கும் எண்ணெயை மேனாட்டார் இதற்கெனப் பயன்படுத்துவர். உடலின் மற்றப் பகுதிக் கொழுப்பைப் போல அது எளிதில் உறைவதில்லை. அதனை விரும்பாதோர்க்கு ஆமணக்கெண்ணெய் உண்டு.

செய்முறை எளிது. நாடாவைக் கழற்றிச் சேற்றைத் தூரிகையாற் போக்கி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சீமெந்து வேலை செய்வோர் இதனை அன்றன்றே செய்தல் நன்று. சீமெந்தின் காரம் தோலைக் கெடுக்கும். பின்னர் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலரவிட வேண்டும். உலர்ந்த பின், கை பொறுக்கும் சூட்டில் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, ஓரிரவு விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடலாம். அதன்மேல், ஒரு பங்கு தேன்மெழுகும் மூன்று பங்கு எண்ணெயும் சேர்ந்த களிம்பைத் தையலிலும், அடித்தோல் சேரும் ஓரத்திலும், நாக்கின் மடிப்பிலும் அழுத்திப் பூச வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். ஆதலின் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்கினாற் போதும். நேரே நெருப்பில் வைத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் ஒரு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் முத்தாக உருண்டால் நன்று. கறுத்து உள்ளே சுவறினால் இன்னும் சிறிது பூச வேண்டும்.

செய்யத்தகாதவையும் உள. ஈரச் சப்பாத்தை அடுப்பருகில் வைத்தல் பெருந்தவறு. பட்டையாற் பதனிட்ட தோல், நனைந்திருக்கையில், நீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்னரே சுருங்கிவிடும். பின்னர் எவ்வெண்ணெயும் அதனை மீட்காது. எண்ணெயை அளவு மீறி ஊற்றினால் தோல் தொய்ந்து, காலைத் தாங்கும் வலுவை இழக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவது. அதில் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு.

ஒரு சப்பாத்துக்கு இத்துணை முயற்சியா எனலாம். சப்பாத்துக்காக அன்று, காலுக்காகவே. 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போரிலே, குளிரில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற பல்லாயிரம் வீரரின் பாதங்கள் மரத்து வீங்கின. சிலர் விரல்களையும் இழந்தனர். காலுறையை மாற்றவும், பாதத்திற்குத் திமிங்கில எண்ணெய் பூசவும் அதன்பின் கட்டளை பிறந்தது. நம் நாட்டில் அத்தகைய குளிர் இல்லை; ஆயினும் நாள் முழுதும் ஈரத்தில் ஊறும் விரலிடுக்கிலே சேற்றுப்புண் குடியேறத் தவறுவதில்லை.

எத்துணை பூசினும் தோல் இறப்பராகிவிடாது. ஆகவும் வேண்டாம். வியர்வையைச் சிறிதேனும் வெளியே விடுவதே அதன் சிறப்பு.

வாடைக்காற்றோடு மழை தொடங்குமுன் ஒரு ஞாயிறு மாலை இதற்குப் போதும். வீட்டிலுள்ள மாணவர்கள் தந்தையின் சப்பாத்தை எடுத்து இப்பணியைச் செய்து வைப்பார்களாயின், மறுநாட் காலை ஈரத்தில் இறங்கும் அவர் பாதம் அதனை உணரும்.