உள்ளி நடலாமா?

கமக்காரர் பலர் என்னிடம் அடிக்கடி வினவும் வினா ஒன்றுண்டு. "வெங்காயம் இத்துணை நன்றாக விளையும் செம்மண்ணில் உள்ளி ஏன் விளையாது? விற்கும் விலைக்கு இரண்டு பரப்பாவது நட்டுப் பார்க்கலாமே" என்பர். வினா நியாயமானதே. ஆயினும் தோட்டத்தில் நடவேண்டாம் என்பதே எனது விடை.

உள்ளிக்கு மண்ணைக் காட்டிலும் குளிரே முதன்மையானது. சில வாரங்கள் குளிரை உணர்ந்து, பின்னர் பகற்பொழுது நீண்டு வருகையிலேயே அது பருத்துப் பற்களாகப் பிரியும். யாழ்ப்பாணத்திலோ மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குவது அரிது. பகற்பொழுதும் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே தாள் செழிக்கும். கிளப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பற்பிரியாத சிறு குமிழே இருக்கும். விதைப் பற்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து நடலாம் எனச் சிலர் கூறுவர். அஃது ஓரளவு உதவும். ஆனால் தறையைப் பெட்டிக்குள் வைக்க இயலாதன்றோ!

இழப்பு அத்துடன் நின்றாற் பொறுக்கலாம். கடை உள்ளியிற் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. உணவுக்கென வந்ததேயன்றி விதைக்கெனச் சோதிக்கப்பட்டதன்று. உள்ளி பற்களாலேயே பெருக்கப்படுவதால், தாய்ப்பூட்டைப் பற்றிய நோயும் பல்லோடு வந்து சேரும். அடியழுகலை உண்டாக்கும் பியூசாரியம் என்னும் பூசணம் சூடான மண்ணை விரும்புவது. வெங்காயத்தையும் தாக்க வல்லது. பயிர் போன பின்னும் மண்ணில் ஆண்டுக்கணக்கிற் கிடப்பது. சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பகுதிகளிற் சின்ன வெங்காயத்தையே நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்கள் பல. உள்ளி மீது கொண்ட ஆசைக்காக அத்தறையைப் பணயம் வைத்தல் தகாது.

அங்ஙனமாயின் என்றும் பிறநாட்டு உள்ளியையே உண்பதா? வேண்டுவதில்லை. நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களிற் சிறு தோட்டக்காரர் உள்ளி நடுகின்றனர். பல் சிறிது, உரிப்பதற்குச் சலிப்புத்தான். ஆயினும் காரமும் மணமும் மிகுதி. தமிழ்நாட்டில் இத்தகைய மலைப்பயிரான கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 இல் புவிசார் குறியீடு பெற்று, தன் பெயராலேயே விலைபோகின்றது.

மலைநாட்டு உள்ளி விலை கூடியதே என்பர். கூடியதுதான். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது நமது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெற்கிலுள்ளோர் கூடிய விலை கொடுத்தே வாங்கினர். 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, நாம் பட்ட பாட்டை மூத்தோர் அறிவர். இன்று அதே பாடு மலைநாட்டு உள்ளிக்காரருக்கு. நமது கூட்டுறவுச் சங்கங்கள் வெங்காயம் ஏற்றிச்செல்லும் லொறிகளை வெறுமையாகத் திருப்பாது, அவர்களிடம் நேரே உள்ளி வாங்கி ஏற்றிவந்தால் இடைத்தரகு குறையும். இரு பக்கத்தாருக்கும் கூலி மிஞ்சும். சங்கக் கூட்டங்களில் இதனைக் கேட்டுப் பெறுங்கள்.

உள்ளித் தாள் மட்டும் போதும் என்போர் முற்றத்துச் சாடியில் நாலு பல் ஊன்றிக் கறிக்கு நறுக்கிக்கொள்ளலாம். அச்சாடி மண்ணைப் பின்னர் வெங்காயப் பாத்தியிற் கொட்டாதிருக்க.