குகையில் இல்லாத சேரி

மலையேறிக் குகை பார்ப்பது இப்போது பெரிய மோஸ்தராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். தலையில் தொப்பி, தோளில் பை, பைக்குள் புளிச்சோறு. வேன் பிடித்துப் போய், பாறையிடுக்கில் ஆதிமனிதன் எழுதியதைப் பார்த்து, ஆகா எவ்வளவு தொன்மை என்று வாய்பிளந்து, பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். 'மரபு நடை' என்று இதற்குப் பேர். போகட்டும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் யாருடைய மரபு, எதைத் தாண்டிப் போய் அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்கவும் ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

திருவண்ணாமலைக்காரனுக்குக் குகை புதுசில்லை. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விருபாட்ச குகை இங்கே இருக்கிறது. அதற்குப் பாதை உண்டு, பேர் உண்டு, கண்ணை மூடி உட்கார வெள்ளைக்காரர்கள் உண்டு. ஒரு சாமியார் உட்கார்ந்தால் குகைக்கு வரலாறு வந்துவிடுகிறது. பேர் தெரியாத சனங்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய குகைகளுக்கு என்ன பேர்? பாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை. ஆற்காடு பக்கத்தில் சமணர்கள் வாழ்ந்த மலையும் பஞ்சபாண்டவர் மலைதான். பாண்டவர்கள் எப்போது வந்து படுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆள் இல்லாத நிலத்தை வளைத்துப் போடுவது மாதிரி, பேர் இல்லாதவனின் குகையைப் புராணத்தின் பேரில் பட்டா போட்டுவிட்டார்கள். பூர்வ குடிகளின் சரித்திரம் இப்படித்தான் பேர் மாற்றிப் பறிக்கப்பட்டது என்று அயோத்திதாசர் நூறு வருசத்துக்கு முன்னால் 'தமிழன்' பத்திரிகையில் வாரம் தவறாமல் எழுதினார். அவரையே மறந்துபோன நாடு இது.

நானும் ஒரு ஞாயிறு அப்படி ஒரு கூட்டத்தோடு போனேன். வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு பேங்க் உத்தியோகஸ்தர்கள். செஞ்சி போகிற ரோட்டில் போய் உள்ளே திரும்பி, செத்தவரைக்கு. வழியில் ஒரு டீக்கடையில் குடிக்கத் தண்ணி கேட்டேன். 'எந்த ஊரு?' என்றார் கடைக்காரர். சொன்னேன். 'ஊரா, காலனியா?' என்றார். எங்கள் கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க அந்தக் கேள்வி எனக்கு மட்டும். கூட இருந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முள்ளும் பாறையுமான ஏற்றம். மேலே போனால் பாறை கூரை மாதிரி கவிந்து நிற்கிறது. அதற்கடியில் ஓவியங்கள். மான் இருக்கிறது, மீன் இருக்கிறது. மனுசக் கை பதிந்த தடம் இருக்கிறது. நான் வெகுநேரம் பார்த்தது அந்தக் கையைத்தான். சாயத்தில் தோய்த்த கையைப் பாறையில் வைத்து அழுத்தியிருக்கிறான் ஒருவன், அல்லது ஒருத்தி. தொட்டதுதான் அவர்களுக்குக் கையெழுத்து. தொட்டால் தீட்டு என்று அந்தப் பாறை சொல்லவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை அழைத்து வந்தவர் பேச ஆரம்பித்தார். 'இதெல்லாம் நம் முன்னோர்கள் வரைந்தது, நாமெல்லாம் பெருமைப்பட வேண்டும்.' நான் கேட்டேன்: 'சார், நாம் என்றால் யார் யார்? கீழே டீக்கடையில் என்னை மட்டும் தனியாக விசாரித்தாரே, அவரும் நானும் சேர்ந்த நாமா?' அவருக்கு முகம் சுண்டிப்போச்சு. 'தோழர், எல்லா இடத்திலும் சாதியைக் கொண்டு வராதீங்க. இது வரலாறு' என்றார்.

சாதியை நான் கொண்டு வந்தேனாம்! அது எனக்கு முன்னாலேயே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தது.

வரலாறு என்றால் வரலாற்றையே பேசுவோம். எங்கள் மாவட்டத்தில் தண்டராம்பட்டு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டூரில் பெருங்கற்காலத்துக் கல் ஒன்று நிற்கிறது. தலையும் தோளுமாக மனுச உருவில் செதுக்கிய பெரிய பலகைக்கல். தாய்த்தெய்வம் என்கிறார்கள். அரசு அதைப் பாதுகாக்கிறது. எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. எருமைகளைக் காத்துச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்து நின்ற அந்த நாயின் பேர் கோவிவன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாய் மேல் எனக்குக் கோபமில்லை, விசுவாசமான நாய். ஆயிரத்து நானூறு வருசமாக அதன் பேர் கல்லில் நிற்கிறது. ஏரி வெட்டியவன், சேறு மிதித்தவள், செத்த மாட்டைத் தூக்கியவன் பேரை எந்தக் கல்லில் தேடுவது?

இதே வட்டாரத்தில்தான் தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் எங்கள் சனங்கள் காலெடுத்து வைத்த நாள் 30-1-2023. எண்பது வருசம் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். சட்டம் கோயில் வாசலைத் தாண்ட எழுபத்தைந்து வருசம். கலெக்டர் வர வேண்டியிருந்தது, போலீஸ் படை வர வேண்டியிருந்தது. பொங்கல் பானையோடு பொம்பளைங்க உள்ளே போனபோது, ஆதிக்க சாதிக்காரர்கள் திரண்டு நின்று எதிர்த்தார்கள். அதே வருசம் ஆகஸ்டு 2-ல் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். அங்கேயும் போலீஸ் துணையோடுதான் நுழைய முடிந்தது.

செத்தவரை இருக்கிற விழுப்புரம் மாவட்டத்துக்கும் வருவோம். மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடமாட்டோம் என்றார்கள். 7-6-2023 அன்று அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள். மலைமேல் பாண்டவர் குகைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். ஊருக்குள் பாண்டவர் மனைவியின் கோயிலுக்குள் நாங்கள் போகக்கூடாது என்றார்கள் அன்றைக்கு!

பாறை ஓவியத்தில் சேரி இல்லை. கல்வெட்டில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படியுங்கள். ராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம் ஒரு பக்கம், பறைச்சேரி ஒரு பக்கம், தீண்டாச்சேரி என்றே ஒரு வார்த்தை. ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே அளந்து, பிரித்து, கல்லில் வெட்டிவிட்டார்கள். குகைக்கும் அந்தக் கோயிலுக்கும் நடுவில் என்ன நடந்தது? நிலம் யார் கைக்குப் போனது, யார் புத்தகம் வேதமானது, மாட்டுக்கறி தின்றவன் எப்படித் தீண்டப்படாதவன் ஆனான்? 1948-ல் அம்பேத்கர் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' இந்தக் கேள்வியைத்தான் தோண்டியது. மரபு நடை போகிறவர்கள் தோண்ட வேண்டியதும் இதைத்தான்.

ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? கீழடியில் 2,600 வருசத்துக்கு முன்னால் சாதி அடையாளம் இல்லை, மத அடையாளம் இல்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறார்கள். தமிழ் மண்ணில் 5,300 வருசத்துக்கு முன்னாலேயே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் முதலமைச்சரே அறிவித்தார். சந்தோசம். அந்த இரும்பிலே அடித்த அரிவாள் இன்றைக்கு யார் கழுத்தில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதி இல்லாத பழங்காலம் உங்களுக்குப் பெருமை என்றால், சாதி இருக்கிற நிகழ்காலம் உங்களுக்கு வெட்கமாக அல்லவா இருக்க வேண்டும்? பெருமைக்கு மாத்திரம் வாரிசாக வருகிறவன், வெட்கத்துக்கும் வாரிசாக வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பாடப்புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அவர் பேரைப் படிக்கிறார்கள். அதே செங்கல்பட்டுச் சீமையில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அங்கே வாழ்ந்த பறையர்களின் நிலைமையை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அதிலிருந்துதான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. ஒரு வெள்ளைக்காரர் கல்லைப் பார்த்தார், இன்னொருத்தர் மனுசனைப் பார்த்தார். கல்லைப் பார்த்தவர்தான் பாடமானார். அந்தப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994-ல் அதே சீமையில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த மண்ணுக்கு எந்த மரபு நடை போகிறது?

ஆதிமனிதன் ரொம்ப நல்லவன், அந்தக் காலமே வேண்டும் என்று நான் அழவில்லை. குகையில் பசியும் இருந்திருக்கும், சண்டையும் இருந்திருக்கும். எனக்கு அந்தப் பாறை சொல்வது ஒன்றே ஒன்றுதான். சாதி மலையைப் போல இயற்கை கிடையாது. அது இல்லாமலும் இந்த மண்ணில் மனுசர்கள் பிறந்து, வேட்டையாடி, படம் எழுதி, செத்திருக்கிறார்கள். இடையில் வந்ததுதான் அது. வந்தது போகும், போகவைக்க வேண்டும்.

அதனால் மரபு நடைக்காரர்களே, இனிமேல் நடையைச் சேரியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் எங்கள் தெருவில் தண்ணி குடியுங்கள். எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை மறிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கோயில் வாசல் பூட்டியிருக்கிறது, எந்தப் பஞ்சமி நிலம் எவன் பட்டாவில் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். டீக்கடையில் ஒருத்தனை மட்டும் 'ஊரா, காலனியா' என்று கேட்டால் செல்போனைப் பார்க்காதீர்கள், அங்கேயே வாயைத் திறங்கள். அதற்கப்புறம் மலை ஏறலாம். குகையில் 'நம் முன்னோர்' என்று சொல்லுகிற யோக்கியதை அப்போதுதான் வரும்.