ஜீப் திரும்பும் வரை: போடி மலையடிவாரக் குடும்பங்களின் கொள்கைப் பிரகடனம்

விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் இருட்டோடு வீடு திரும்பும் தாய் தகப்பன்மார் நாங்கள். எங்களோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள், ஜீப் ஓட்டுகிறவர்கள், போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் காய் தரம் பிரிக்கும் பெண்கள். எல்லோரும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. வேலை நடந்தால் ஊரே ஒரு பெயர் வைத்துவிடும்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் ஜீப் திரும்பும் நேரத்துக்கும் நடுவில்தான் எங்கள் கவலை இருக்கிறது. நாலரை மணிக்குப் பையை வீசிவிட்டு வெளியே போகும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெற்றவள் பார்க்க ஏழு மணி ஆகிறது. காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் மழையில் ஊறி வருகிறவளுக்கு உலை வைக்கவே தெம்பு இருக்காது. லயத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். அவர்களுக்கு அந்த இடைவெளி வாரக்கணக்கில் நீள்கிறது. மலைக்குப் போகாமல் பிள்ளையைப் பாருங்கள் என்று யாரும் புத்தி சொல்ல வர வேண்டாம். மலைதான் சோறு போடுகிறது.

அந்த இடைவெளியில் பிள்ளை கையில் என்ன வந்து சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர்களிடம் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொருள் பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-இல் கேள்வி எழுப்பியது. பஞ்சர் ஒட்டும் பசை போதைப்பொருள் என்று எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்? ஆனால் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, முகர்ந்து ஏற்றும் போதை பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகப் புழங்கும் போதை இது ஒன்றுதான். கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள், விலையும் கம்மி.

போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் ஊர்வலம் போகிறோம். பதாகை பிடித்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை; அதை நம்பி உட்காரவும் மாட்டோம்.

முதல் விதி எங்களுக்கே. பாட்டில் வாங்கிவரப் பிள்ளையை அனுப்ப மாட்டோம். டம்ளர், தண்ணீர், சைடிஷ் எடுத்துவரவும் ஏவ மாட்டோம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் கையில் மதுவைத் தூக்கிவரச் செய்வது 7 ஆண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட இதை எழுதவில்லை. “பையன்தானே, ஓடிப்போய் வாங்கிட்டு வருவான்” என்ற பேச்சு எத்தனை பெரிய காரியம் என்று நமக்கே உறைக்க வேண்டும், அதற்காக.

குடிக்கிற தகப்பன் இந்த இயக்கத்தில் சேரலாமா என்று கேட்டார்கள். சேரலாம். அவர்தான் முதலில் சேர வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நாட்டின் கதை: ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-இல் அது 5 சதவீதம். பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. இரவில் வெளியே சுற்ற நேரக்கட்டுப்பாடு வந்தது. அது பணக்கார நாடு, நமக்குக் கட்டுமா என்பீர்கள். ஆனால் அங்கே பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, இரவில் முறைவைத்துத் தெருவைச் சுற்றி வந்தார்கள். அதற்குக் காசு எதற்கு?

ஆகவே எங்கள் தெருக்களிலும் முறை வைக்கிறோம். அன்றைக்கு மலைக்குப் போகாதவர் யாரோ, அவர் நாலரையிலிருந்து ஏழரை வரை தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பத்தா, சித்தப்பா. மிரட்ட அல்ல, கபடிக்குக் கோடு போட, வாலிபால் வலை கட்ட, நூலகத்துக்குக் கூட்டிப்போக. மைதானங்களில் விளக்கு எரிய வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்போம், எரியும் வரை கேட்போம்.

வீட்டுக்குள், ராத்திரிச் சோறு ஒன்றாக. டிவியும் போனும் அணைந்திருக்கும். அந்த நேரம் மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் மறுநாளிலிருந்து பிள்ளை பசிக்கவில்லை என்று சொல்லிவிடும். கூலி வந்த அன்று வீட்டுக் கணக்கை பதின்வயதுப் பிள்ளை நோட்டில் எழுதட்டும்: அரிசி, சீட்டு, வட்டி, டாஸ்மாக் எல்லாம் மறைக்காமல். தகப்பனுக்கு இதைவிடக் கஷ்டமான விதி இந்தப் பிரகடனத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையல் பையன்களுடையது. குடும்பமாகச் சேர்ந்து செய்வது என்ற பெயரில் பொம்பளைப் பிள்ளை தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிற வழக்கம் நமக்கு உண்டு. அது இங்கே நடக்காது. லீவு நாளில் ஒருமுறை பிள்ளையை ஜீப்பில் தோட்டத்துக்குக் கூட்டிப் போவோம், வேலை செய்ய அல்ல, பார்க்க. தூரில் குனிந்து காய் எடுக்கும் அம்மாவை எங்கள் பிள்ளைகளில் பலர் கண்டதே இல்லை. வேறொரு நாள் குரங்கணிப் பக்கம், கோட்டக்குடி ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு.

திருவிழாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் குடி பெரும்பாலும் சாமி பேரால்தான் நடக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கப் போகும்போது குடும்பமாகப் போவோம், குடும்பமாகத் திரும்புவோம். கெடா வெட்டு விருந்தில் பாட்டில் வைக்கும் சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டோம். மாமன் மச்சான் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையை அடிக்க மாட்டோம், ஊருக்குப் பயந்து மறைக்கவும் மாட்டோம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவோம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்போம். தெருவில் எந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாலும் ஒருவர் துணைக்குப் போவோம், கூலி போனாலும்.

இந்தத் தாளில் தாய் தகப்பன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்கும் இடம் விட்டிருக்கிறோம். பிடிக்காத வரியை அவர்கள் அடிக்கலாம், வேறு எழுதலாம். அடித்துத் திருத்திய தாள்களை முதல் கூட்டத்தில் வாசிப்போம். கூட்டம் ஞாயிறு சாயங்காலம், சோறு பையன்கள் சமைப்பது.