பழங்கணினியும் புதிய கார்டும்

விடுமுறை அணுகுந்தோறும் நம் விடுதியில் எழும் வழக்குகளுள் தலையாயதொன்றுண்டு. இல்லத்திலே பத்தாண்டு பழகிய கணினியில் விளையாட்டுக்கள் தடுமாறி ஓடுகின்றன, அதனுள் புதியதோர் கிராபிக்ஸ் கார்டு பூட்டவேண்டும், எதனைப் பூட்டுவது? என்பதே அவ்வழக்கு. இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இத்தமிழ்ப் பகுதியில் விளையாட்டுப் பொறியைப் பற்றிய பேச்சு எற்றுக்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். ஒரு தந்தையார் தம் திங்களூதியத்தின் பெரும்பகுதியை, மகன் கூறிய ஒரு பெயரையும் ஓரெண்ணையும் நம்பி எடுத்துக் கொடுக்கின்றார். அச்செய்தி எப்பகுதியிலும் எழுதத்தக்கதே என்பது எம் கருத்து. அங்ஙனம் கொடுத்த பணம் பயனின்றி ஒழிந்தமையை இவ்வாண்டிலேயே எம் தோழர் இருவர்மாட்டு யாம் கண்டோம். ஒருவர் வீட்டில் புதிய கார்டு வந்தது. விளையாட்டோ பழையபடியே தடுமாறிற்று. மற்றவர் வீட்டில் மூன்றாம் நாள் மாலை எரிநாற்றம் எழுந்தது; அதன்பின் அக்கணினி விழிக்கவேயில்லை.

எம் கொள்கையை முதற்கண்ணே கூறிவிடுவோம். கார்டைத் தெரிந்தெடுக்க வேண்டுவது கடையிலன்று. வீட்டிலுள்ள கணினியின் கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயாம். எது புதியது, எது வலியது என்னும் வினாக்கள் பின்னர் வருக. இப்பொறி எதனைத் தாங்கும், எதற்கு ஈடுகொடுக்கும் என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

கார்டின் தொழில் யாது? 1920க்கு 1080 என்னும் அளவுடைய மானிட்டரில் 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 60 படம் வேண்டுமாயின், 12 கோடியே 44 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகட்கு ஒரே நொடியில் நிறம் கணித்தல் வேண்டும். ஒவ்வொன்றும் சிறுகணக்கே, ஆயினும் அளவிறந்தன. ஆயிரக்கணக்கான கணக்கப்பிள்ளைகள் ஒருங்கமர்ந்து எழுதுமாப்போலக் கார்டு இவற்றைச் செய்து முடிக்கின்றது. ஆனால், பகைவன் எங்கு நிற்கின்றான், எறிந்த குண்டு எங்கு வீழும், கதவு திறந்ததா இல்லையா என்பனவற்றை யெல்லாம் முடிவு செய்து, ‘இன்ன படம் வரைக’ என்று ஏவுவது பிராஸசரேயாம். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் நாளொன்றுக்குப் பத்துப் பக்கமே கோக்க வல்லவராயின், எத்துணை விரைந்த அச்சுப்பொறியை வாங்கி நிறுத்தினும் பதினோராம் பக்கம் அன்று வெளிவராது. முதலிற் கூறிய தோழர் வீட்டில் நிகழ்ந்தது இதுவே.

இருவருள் சுணங்குபவர் யாவர் என்றறிய ஒரு காசும் செலவில்லாத சோதனை யுண்டு. விளையாட்டின் அமைப்புப் பக்கத்திற் சென்று படவளவை 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்க. நொடிக்குரிய படத்தொகை நன்கு உயருமாயின், தளர்ந்தது கார்டு, புதியது வாங்கலாம். உயராது நிற்குமாயின், தளர்ந்தது பிராஸசர்; எக்கார்டும் அதனைத் தீர்க்கமாட்டாது. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமலே, ஐந்து வாரம் காணொளி பார்த்துக் கார்டு வாங்கச் செல்வாரை என்னென்பது!

இனி, ஓர் உண்மைக் கணினியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எம் அறைத்தோழர் இல்லத்திலுள்ளது 2014ஆம் ஆண்டு அவர் தமையனார் கல்லூரிக்கென வாங்கியது. இன்டெல் நான்காந் தலைமுறை ஐ5 பிராஸசர், எச்81 மதர்போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 750 டிஐ கார்டு. இத்தகைய கணினிகள் நம் மாணாக்கர் இல்லங்களில் பல உள. 750 டிஐ அந்நாளில் நற்பெயர் பெற்றதே. 60 வாட்டே உண்டு, தனிக்கம்பி வேண்டாது இயங்கியது. ஆயினும் அதன் 2 ஜி.பி. நினைவகம் இக்கால விளையாட்டுக்கட்குப் போதாது. மேற்கூறிய சோதனையைச் செய்தபோது படத்தொகை நன்கு உயர்ந்தமையின், கார்டு மாற்றுதல் தக்கதே என்று கண்டோம்.

அடுத்து நோக்கவேண்டுவது, ஒருவரும் நோக்காத எஸ்.எம்.பி.எஸ். இஃது ஒளிராது, படம் வரையாது, நண்பர்க்குக் காட்டிப் பெருமை கொள்ளற்கும் உதவாது. எனினும் எரிவதும் எரிப்பதும் இதுவே. மதர்போர்டின் துளைவழியே கார்டுக்குக் கிடைப்பது 75 வாட்டு. ஆறுமுனைக் கம்பி மேலும் 75 வாட்டும், எட்டுமுனைக் கம்பி 150 வாட்டும் தரும். அலுவலகங்களிற் கழிக்கப்பட்டு மலிவாய் வரும் கணினிகள் பலவற்றில் இக்கம்பிகள் இரா; அவற்றிற்குத் துளைமின்சாரத்தால் மட்டும் இயங்கும் கார்டே ஏற்றது. பிறவற்றிலோ, மேலே ஒட்டிய சீட்டில் ‘450 வாட்’ எனப் பெரிய எழுத்தில் இருக்கும். அதனை நம்பற்க. அச்சீட்டிலேயே 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று சிற்றெழுத்திற் பொறித்திருப்பர். கார்டும் பிராஸசரும் பெரும்பாலும் உண்பது அவ்வழியினின்றே. 18 ஆம்பியர் என்றிருப்பின், 12ஆற் பெருக்க வருவது 216 வாட்டே. எஞ்சியது சீட்டின் வீரம். எரிநாற்றம் எழுந்த இல்லத்தில் அச்சீட்டை யாம் பின்னர் நோக்கினோம். அதிலிருந்தது ஏறக்குறைய இவ்வளவே. ஆகலின், கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு முதலில் ஒதுக்கி, மிஞ்சியதற்குக் கார்டு தேடுக என்பேம். கார்டின் தரம் ஒரு படி தாழுமே எனின், தாழட்டும்.

மூன்றாவதாக, வழியகலம். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையேயுள்ள பாதை பதினாறு வரிசை கொண்டது. தலைமுறைதோறும் அதன் விரைவு இரட்டிக்கின்றது. நம் எச்81 மதர்போர்டிலிருப்பது இரண்டாந் தலைமுறைப் பாதை. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு, நான்காந் தலைமுறையில் நான்கு வரிசையே பயன்கொள்வது. அப்பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. செல்லும், நம் பழங்கணினியிற் பூட்டின் 2 ஜி.பி.யே செல்லும். 4 ஜி.பி. நினைவகமே உடைய அக்கார்டு, இடம் போதாதபோது இக்குறுகிய வழியாகவே ராமை நாடி ஓடவேண்டும். பழங்கணினி உடையாரே மலிவு கருதி இத்தகைய கார்டை வாங்குவர். அவர்க்கே அஃது உதவாது போகின்றது. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் இவ்வாறே. 2024 டிசம்பரில் வந்த பி580, 249 டாலர் விலைக்கு 12 ஜி.பி. நினைவகம் தந்து பலரையும் மகிழ்வித்தது. ஆனால் ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இருந்தாலன்றி அக்கார்டுகள் தம் திறம் காட்டா. பத்தாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமென இன்டெல்லாரே கூறுகின்றனர்.

பெயர்களைப் பற்றித் தமிழ் மாணாக்கராகிய யாம் ஒரு சொல் கூறாது செல்லவியலாது. பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்துக் கற்றோம். கார்டின் எண்களைக் காண்பார், பெரிய எண் பெரிய ஆற்றலைக் குறிக்குமென எண்ணி, அவற்றைக் காரணப்பெயராகக் கொள்கின்றனர். அவை காரணப்பெயர்போல் வேடமிட்ட இடுகுறிகளே. அன்றியும், பலபொருள் ஒருசொல் என்பதற்கு இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு அகராதியிற் கிடைப்பதரிது. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 இருவகைப்பட்டது. 6 ஜி.பி. உடையதில் 1280 கணிப்புறுப்புக்கள், 3 ஜி.பி. உடையதில் 1152. குறைந்தது நினைவகம் மட்டுமே எனப் பெயர் கூற, உள்ளுறுப்பும் குறைந்திருந்தது. 2017இன் ஜி.டி. 1030 மறுவாண்டில் மெதுவான டி.டி.ஆர்.4 நினைவகத்தோடு அதே பெயரில் உலவிற்று. அந்நினைவகத்தின் விரைவு முன்னதில் மூன்றிலொரு பங்கினும் சற்றே மிகுந்தது, அவ்வளவே. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580இல் 2304 உறுப்புடையதும் 2048 உறுப்புடையதும் உள. ஆர்.டி.எக்ஸ். 4080 என்னும் பெயரில் 16 ஜி.பி. ஒன்றும், அதனின் வலிகுன்றிய 12 ஜி.பி. ஒன்றும் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் எழுந்த கூக்குரலால், பின்னதனை என்விடியா மறுமாதமே மீட்டுக்கொண்டு, 2023 ஜனவரியில் 4070 டிஐ எனப் பெயர் மாற்றி விற்றது. இருவேறு பொருளுக்கு ஒரு பெயரிடுதல் வணிகத்தந்திரம் என்று சிரித்து விடுவாருளர். எண்ணை மட்டும் அறிந்து கடைக்குச் செல்லும் தந்தையாரை நினைப்பின் எமக்குச் சிரிப்பு வருவதில்லை.

‘பெரிய கார்டாகவே வாங்கிவிடின், நாளை புதுக்கணினிக்கு மாற்றிக்கொள்ளலாமே’ என்பார் கூற்று வலிமையுடையது. அதனை எளிதில் ஒதுக்கற்க. எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், எஸ்.எஸ்.டி. ஆகியன மறுபிறப்பிற்கும் உடன்வரும், டி.டி.ஆர்.3 ராம் வாராது; ஆகலின் பழைய ராமுக்கு மிகுதியாகச் செலவிடலாகாது என்பதில் யாமும் உடன்படுகின்றோம். ஆனால் நம்முட் பெரும்பாலார்க்கு அடுத்த கணினி எது? படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் வாங்குவது மடிக்கணினியே. அதனுட் பூட்ட எக்கார்டும் புகாது. நாளைக்கென வாங்கிய பெரிய கார்டு, நாளை வீட்டு மூலையில் அப்பழைய கேபினெட்டினுள்ளேயே உறங்கும்.

இக்கணினியின் வாழ்நாளையும் கருதுதல் வேண்டும். விண்டோஸ் 10க்குரிய ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாந் தலைமுறை முதலாகவே. அன்றியும், 2024 டிசம்பரில் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ போன்ற விளையாட்டுக்கள், ஒளிக்கதிர் கணிக்கும் உறுப்பில்லாத கார்டில் ஓடவே ஓடா. அவற்றை விரும்புவோர் இப்பழம்பொறியை வருத்தாது காத்திருந்து முழுக்கணினியே வாங்குக. மற்றையோர் விடுதியில் இரவெல்லாம் விளையாடுவன யாவை? கவுண்ட்டர் ஸ்டிரைக், மைன்கிராப்ட், 2015இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5. இவற்றிற்கு நடுத்தரக் கார்டே மிகை. படத்தரத்தை ‘அல்ட்ரா’வினின்று ‘மீடிய’மாகத் தாழ்த்துவதை மானக்குறைவாகக் கருதும் வழக்கம் எங்ஙனம் நுழைந்ததோ அறியோம், ஓடிக்கொண்டு சுடும்போது சுவரின் நிழலை எவர் நின்று நோக்குகின்றார்?

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, எம் அறைத்தோழர்க்கு யாம் கூறியது இது: நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று புதிதாக, பழையதாய்க் கிடைக்கும் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் ஒன்று. 2019இல் வந்த அக்கார்டு 6 ஜி.பி. நினைவகமும் முழுப் பதினாறு வரிசையும் உடையது. 125 வாட்டே உண்பது. 1060 அதனினும் மலிவன்றோ எனின், அக்குடும்பத்துக் கார்டுகட்குப் புதிய விளையாட்டுக்கேற்ற டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்களே வரும். எஸ்.எம்.பி.எஸ். மாற்றவியலாத அலுவலகக் கணினியாயின், 2024இல் வந்த 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி.யையோ, தனிக்கம்பி வேண்டாத ஜி.டி.எக்ஸ். 1650ஐயோ நாடுக. ஈண்டும் பெயரில் விழிப்பு வேண்டும். 3050இல் 8 ஜி.பி. உடையது 130 வாட்டு உண்பது. கேபினெட்டின் உள்நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்க.

பழைய கார்டு என்றதும், கிரிப்டோ நாணயம் தோண்டிக் களைத்ததாயிருக்குமே என அஞ்சுவர் பலர். எதீரியம் 2022 செப்டம்பர் 15இல் தன் முறையை மாற்றிக்கொண்டபின் அத்தொழில் வீழ்ந்து, கார்டுகள் பெருந்தொகையாய்ச் சந்தைக்கு வந்தமை உண்மையே. ஆயினும் ஓயாது உழைத்த கார்டில் முதலில் தேய்வது விசிறி, காய்வது வெப்பப்பசை. இரண்டும் மாற்றத்தக்கன. அஞ்சவேண்டுவது போலியை. பழங்கார்டின் மென்பொருளைத் திருத்திப் புதுப்பெயர் சொல்லுமாறு செய்து விற்போர் உளர், ஜி.பி.யு.-இசட் என்னும் சிறு நிரலைக் கொண்டு உள்ளுறுப்பெண்ணைக் காணின் அப்பொய் வெளிப்படும். எனவே சென்னை ரிச்சித் தெருவுக்கே செல்லினும், வேறெங்குச் செல்லினும், விற்பவர் கணினியிலேயே கார்டைப் பூட்டி, அரைமணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, வெப்பம் ஏறுமாற்றையும், விசிறியின் ஒலியையும், திரையில் புள்ளியோ கோடோ தோன்றுகின்றதா என்பதையும் நோக்கியபின்னரே பணத்தை எடுக்க. விற்பவர் அதற்கு இசையாராயின், அடுத்த கடை பத்தடித் தொலைவிலேயே உள்ளது.